ஒன்பதரைக்கும் ஒரு மணிக்கும் இடையில்: ஒரு தம்பதியின் தூக்க நேரமும் வீட்டு வேலையும்

குடும்ப நல ஆலோசனையில் நான் கையாண்ட ஒரு நிகழ்வு இது. தம்பதியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

பின்னணி

கணவருக்கு வயது 41, மனைவிக்கு 37. திருமணமாகி 11 ஆண்டுகள். மகளுக்கு 8 வயது, மகனுக்கு மூன்றரை. இருவருமே முழுநேர வேலையில் இருப்பவர்கள். கணவர் எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், மனைவி பத்து மணிக்கு.

முதல் நாள் படிவத்தில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் கணவர் எழுதியது இதுதான்: தூங்கும் நேரம் ஒத்துப்போகவில்லை. மனைவியின் படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, "அவர் எழுதினதே போதும்" என்றார். அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவர் இரவு ஒன்பதரைக்குப் படுத்து காலை ஐந்துக்கு எழுபவர். மனைவி படுக்க ஒரு மணி ஆகிவிடும், எழுவது ஏழு, ஏழே கால். "நான் எழுந்திருக்கும்போது அவ தூங்கறா, நான் தூங்கும்போது அவ முழிச்சிருக்கா. சேர்ந்து படுத்தே எத்தனை நாளாச்சு" என்றார் கணவர். நடு இரவில் அவர் வந்து படுக்கும்போது தன் தூக்கம் கலைகிறது, காலையில் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் அவர் தள்ளாடி வருகிறார் என்பது புகார். ஒருமுறை வாய் தவறி, "சீக்கிரம் எழுந்தா வீடே வேற மாதிரி இருக்கும்" என்றும் சொன்னார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "சரி, நான்தான் சோம்பேறி" என்றார். அதற்கு மேல் அன்று அவர் பேசவில்லை.

குறட்டை, மூச்சுத் திணறல், மனச்சோர்வு பற்றி வழக்கம்போல் விசாரித்தேன். மனைவியை ஒரு மருத்துவரிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னேன். குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

முதல் கணிப்பும் அதில் நான் சறுக்கியதும்

ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. ஒருவர் காலை ஆளா, இரவு ஆளா என்று பார்க்க இன்றும் பயன்படுகிறது. மதிப்பெண் 16-இலிருந்து 86 வரை போகும். கூடக்கூடக் காலை ஆள். கணவருக்கு 68 வந்தது, மனைவிக்கு 39. ஓரளவு காலை ஆள், ஓரளவு இரவு ஆள். எனக்குத் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன்.

உடல் கடிகாரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, தாமதமாகத் தூங்குவது ஒழுக்கக் குறைவு இல்லை என்று விளக்கினேன். உடலின் நேரமும் அலுவலகம், பள்ளி கேட்கும் நேரமும் ஒத்துப்போகாத நிலைக்கு உடல் கடிகார ஆய்வாளர் டில் ரோன்னெபெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 2006-இல் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்ததையும் சொன்னேன். மனைவியின் முகம் அன்று கொஞ்சம் தெளிந்தது. 'சோம்பேறி' என்ற சொல் அந்த அறையை விட்டு வெளியேறியதில் எனக்கும் திருப்தி.

அடுத்த அமர்வுக்குக் கணவர் ஒரு யோசனையோடு வந்தார். "அவளுக்கு ராத்திரிதான் சுறுசுறுப்பா இருக்கும்னு நீங்களே சொன்னீங்க. அப்ப ராத்திரி வேலை அவளோடது, காலை வேலை என்னோடது. ஆளுக்குப் பாதி." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. மனைவி தோளைக் குலுக்கினார். நான் அதை ஏற்று எழுதியும் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது நிலைமை மோசமாகியிருந்தது. மனைவி படுக்க ஒன்றரை, ஒன்றே முக்கால். வீட்டில் பேச்சே இல்லை. நான் சொன்ன அறிவியலை அந்த வீடு வேலைப் பங்கீட்டுக்குக் கிடைத்த சான்றிதழாக மாற்றிக்கொண்டுவிட்டது. மாற்றியதில் எனக்கும் கையுண்டு.

குறிப்பேடு காட்டியது

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இரண்டு வாரத்துக்கு ஆளுக்கொரு குறிப்பேடு. மூன்று பத்திகள்: என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அதை முதலில் நினைவில் கொண்டுவந்தது யார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

வார நாட்களின் சராசரி மனைவிக்கு 3 மணி 50 நிமிடம், கணவருக்கு 1 மணி 25 நிமிடம். அவர் ஒன்றும் விதிவிலக்கான மனிதர் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு உலக அளவில் பெண்கள் நாளுக்கு 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுவதாகக் கணக்கு. கணவருக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய தந்தையின் மருத்துவமனை வேலை, வங்கி, வரி, வண்டி எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் அப்படியே போயின. மனைவி அதை எப்போதும் கணக்கில் சேர்த்ததில்லை.

மொத்த நேரத்தைவிட மனைவியின் இரவு எப்படிக் கழிந்தது என்பதுதான் என்னை நிறுத்தியது. ஒன்பதரைக்குக் கணவர் படுக்கப் போகிறார். ஒன்பது ஐம்பதுக்கு மகன் தூங்குகிறான். பத்து ஐந்துக்கு மனைவி எழுந்து வருகிறார். பாத்திரம், உலர்ந்த துணியை மடிப்பது, மகளின் சீருடை, பை, பள்ளியிலிருந்து வந்த தாளில் கையெழுத்து, வகுப்புப் பெற்றோர் குழுவில் வந்த நாற்பது செய்திகளில் நாளைக்குத் தேவையானது எது என்று தேடுவது. முடிய 11.40. அதன்பின் 12.50 வரை சோபாவில் கால் நீட்டி போனில் எதையாவது பார்ப்பது. இந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு நேரே 'என்ன வேலை' பத்தியில், "ஒன்றுமில்லை. யாரும் என்னைக் கூப்பிடாத நேரம்" என்று எழுதியிருந்தார்.

கணவரின் ஏட்டில் காலை 6.30 முதல் 7.40 வரை ஒரே வரி: 'மகளைப் பள்ளிக்குக் கிளப்புவது, முழுப் பொறுப்பு.' அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தோம். சீருடை போட்டுவிடுகிறார், மடித்து வைத்தது மனைவி. பையை எடுத்துக் கொடுக்கிறார், அடுக்கியது மனைவி. தண்ணீர் பாட்டிலை நிரப்புகிறார்.

"பாட்டிலைக் கழுவுறது யாரு?" என்று கேட்டேன்.

"அது கழுவித்தான் இருக்கும்."

மனைவி அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார். அந்தப் பாட்டில் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தினமும் ஸ்பூன் காம்பால் நெம்பி வெளியே எடுத்துத் தேய்க்காவிட்டால் நான்கைந்து நாளில் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும். மூன்று வருடமாக மனைவி இரவு பதினொன்றேகாலுக்கு அதை நெம்பிக்கொண்டிருந்தார். அந்த வளையம் கழன்று வரும் என்பதே கணவருக்குத் தெரியாது.

மூன்றாவது பத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கணவர் செய்த வேலைகளிலும் பாதிக்கு மேல் முதலில் நினைத்தது மனைவி. வீட்டின் அறிவு சார்ந்த உழைப்பை, தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கவனித்தல் என நான்காகப் பிரித்து சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019-இல் எழுதியிருக்கிறார். இந்த வீட்டில் முதலும் கடைசியும் ஏறக்குறைய முழுவதும் ஒருவரிடமே இருந்தன.

ஒன்பது நாள் பயிற்சி

இந்த நேரத்தில் மனைவி அலுவலகப் பயிற்சிக்காக 9 நாள் வெளியூரில் தங்க நேர்ந்தது. அங்கேயும் தூங்கும், எழும் நேரத்தை எழுதி வைக்கச் சொன்னேன். முதல் இரண்டு இரவு பன்னிரண்டரை. மூன்றாம் நாளிலிருந்து 11.20, 11.30, 11.15. அலாரம் இல்லாமலே ஏழுக்குள் விழிப்பு. திரும்பி வந்ததும் அதே வினாத்தாளை மறுபடி கொடுத்தேன். 47 வந்தது. 42 முதல் 58 வரை இடைப்பட்ட வகை. அவர் இரவு ஆளே இல்லை.

முதல் தடவை ஏன் 39? அந்த வினாத்தாள், 'உங்கள் நாளை நீங்களே முழுச் சுதந்திரமாகத் திட்டமிட முடிந்தால்' என்று கேட்கிறது. அப்படி ஒரு நாள் அவருக்கு வாய்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கற்பனை செய்ய முடியாமல், வழக்கத்தையே பதிலாக எழுதியிருக்கிறார். விடுமுறை நாளில் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்டிருந்தாலும் இதே கதைதான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அவருக்கு விடுமுறை நாள் ஏது?

ஆக, இருவருக்கும் இடையே இருந்த மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் உடம்பு சார்ந்தது. மீதி ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலையும், அந்த வேலை முடிந்த பிறகு தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரமும். தூங்க வாய்ப்பிருந்தும் தூங்கப் போகாமல் தள்ளிப்போடுவதை 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்து பெயரிட்டார்கள். சீன மொழியில் இதற்குப் 'பழிவாங்க இரவு விழித்திருத்தல்' என்ற பொருளில் ஒரு சொல்லே புழங்குகிறது. பகல் முழுக்கத் தன் கையில் இல்லாத ஒருவர் இரவிடம் அதை வசூலிப்பது. உடம்பும் இதற்கு ஒத்துழைக்கும். பெரும்பாலானவர்களின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது, சராசரியாக 24.2 மணி. அதனால் தாமதமாகச் சரிவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். பளிச்சென்ற வெளிச்சத்தில் பாத்திரம் தேய்த்தால் இன்னும் சுலபமாகச் சரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இருவரும் ஒரே நேரத்தில் படுக்கலாம் என்பதுதான் கணவரின் விருப்பம். அதை வேண்டாம் என்றேன். மனைவி ஒன்பதரைக்குப் படுத்தால் இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே நீடித்தால் படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று பழகிவிடும். கணவர் பதினொன்றுக்குப் படுத்தாலும் ஐந்துக்கு விழிப்பு வந்துவிடும், நஷ்டம் தூக்கத்துக்குத்தான். உடம்பு சார்ந்த இரண்டு மணி நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதி ஒன்றரையை மட்டும் தொடுவது என்று முடிவு செய்தோம்.

பெரிய மாற்றம் ஒன்றுதான்: இரவு பத்துக்கு மேல் வீட்டில் வேலை கிடையாது. மிச்சம் இருப்பது மிச்சமாகவே இருக்கும், காலையில் கணவர் பார்ப்பார். மகள் கிளம்புவது 7.40-க்கு. சீருடையும் பையும் பாட்டிலும் அதற்கு முன்னால் தயாராக வேண்டும், அவ்வளவுதான். இரவே தயாராக வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. அது இரவு வேலையாக இருந்ததற்கு ஒரே காரணம், அதைச் செய்தவர் இரவில் விழித்திருந்ததுதான். ஐந்துக்கு எழுகிறவர் வீட்டில் இருக்கும்போது அதைப் பதினொன்றுக்குச் செய்ய என்ன அவசியம்? இதைச் சொன்னபோது கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் நடைப்பயிற்சி?" என்றார். 45 நிமிடம் 25 ஆகும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதையும், சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது, மகளின் பள்ளி சம்பந்தப்பட்ட எல்லாமே, நினைவில் வைப்பது முதல் முடிப்பது வரை, கணவருடையது. அதன் அடையாளமாக மனைவி வகுப்புப் பெற்றோர் குழுவிலிருந்து என் எதிரிலேயே விலகினார். கணவர் சேர்ந்தார். விலகும் பொத்தானை அழுத்த மனைவிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்தது.

மூன்றாவது, வாரத்தில் மூன்று நாள் எட்டேகால் முதல் ஒன்பது வரை மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையில் இருப்பார். பிள்ளைகள் கணவரிடம். அந்த 'யாரும் கூப்பிடாத நேரம்' மாலையில் கிடைக்காவிட்டால் தூக்கத்திலிருந்துதான் அதை எடுப்பார் என்பதே காரணம்.

மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் அதிகம், கனவுத் தூக்கம் கடைசிப் பகுதியில். கணவரின் ஐந்து மணி அலாரமும், அதை அவர் இரண்டு தடவை தள்ளிப்போடுவதும், நாலு மணி நேரம்கூடத் தூங்கி முடிக்காத மனைவியை அந்தக் கடைசிப் பகுதி தொடங்கும் நேரத்தில் எழுப்பிக்கொண்டிருந்தன. தூக்கம் கலைகிறது என்று புகார் சொன்னவர் கணவர், தினமும் தவறாமல் கலைந்தது மனைவிக்கு. மணிக்கட்டில் அதிரும் அலாரம் வாங்கச் சொன்னேன். ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதரை வரை இருவரும் படுக்கையறையில் விளக்கைக் குறைத்துவிட்டுச் சேர்ந்து இருப்பது, பிறகு மனைவி எழுந்து வருவது. நானாகச் சொல்லாமல் மனைவியே முன்வைத்த ஒரே யோசனை இதுதான்.

அப்புறம் நடந்தது

முதல் வாரமே மகள் பள்ளியிலிருந்து வந்து தண்ணீர் நாறுகிறது என்றாள். வளையத்தைக் கழற்றவில்லை. இரண்டாம் வாரம் ஒரு தாள் கையெழுத்தில்லாமல் போய், ஆசிரியரிடமிருந்து குறிப்பு வந்தது. மனைவி எனக்குப் போன் செய்து, "நானே செஞ்சிடறேன், பிள்ளைக்குத்தான் அசிங்கம்" என்றார். ஆபத்து என்றால் தலையிடுங்கள், அசிங்கம் என்றால் விட்டுவிடுங்கள் என்றேன். சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்று இரவு பத்தரைக்கு அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் எடுத்து வைக்காமல் மூடியிருக்கிறார். குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

பத்து மணிக்கு வேலை நின்ற பிறகும் மனைவியின் தூக்கம் உடனே நகரவில்லை. முதல் மூன்று வாரம் பத்திலிருந்து ஒன்று வரை போன். வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை என்று கணவர் கடுகடுத்தார். மாலை முக்கால் மணி நேரம் ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்த நாலாவது வாரத்தில்தான் 12.20-க்கு இறங்கியது, பிறகு 11.50. அந்த முக்கால் மணி நேரத்திலும் முதலில் அவரால் உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே மகன் அழுதால் எழுந்து வந்துவிடுவார். கணவர் ஒரு நாள் பையனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அது வேலை செய்தது.

மூன்றாவது மாதம் கணவரின் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பத்து நாள் எல்லாம் பழையபடி. அதை நான் பின்னடைவாக எண்ணவில்லை, யாராவது ஒருவர் தாங்கத்தான் வேண்டும். தந்தை வீடு திரும்பிய மறுநாளே கணவர் புதிய ஏற்பாட்டுக்குத் தானாகத் திரும்பியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த வார அமர்வில் அவர் சொன்னது: "காலைல எனக்கு நேரம் இருந்தது என் ஒழுக்கத்தாலன்னு நெனச்சிட்டிருந்தேன். அவ ராத்திரி செஞ்சு வெச்சதால இருந்திருக்கு."

ஐந்தாம் மாத நிலை

ஐந்து மாதத்தில் எட்டு அமர்வுகள். கடைசிக் குறிப்பேட்டின்படி வார நாட்களில் மனைவி 2 மணி 40 நிமிடம், கணவர் 2 மணி 20 நிமிடம். மொத்தத்தில் கால் மணி நேரம் குறைந்ததற்குக் காரணம், சில வேலைகளை இருவருமே கைவிட்டதுதான். வீட்டு உடைகளை மடிப்பது அதில் ஒன்று. மனைவியின் தூக்கம் 6 மணி நேரத்திலிருந்து 7 மணி 10 நிமிடம் ஆனது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுவான மருத்துவப் பரிந்துரை. கணவர் இன்றும் ஒன்பதரைக்குத் தூங்குகிறார், மனைவி பதினொன்றரை ஒட்டி. தூங்கும் நேரம் ஒத்துப்போகவில்லை என்று படிவத்தில் எழுதியது இன்னும் உண்மைதான். அதைப் பற்றி இருவரும் சண்டை போடுவதில்லை.

சரியாகாதவையும் உண்டு. ஞாயிறு இரவு மனைவி இன்னமும் பன்னிரண்டரை வரை விழித்திருக்கிறார். 'உனக்கு உதவி பண்றேன்' என்ற சொல் கணவரிடமிருந்து போகவில்லை. மகளின் பள்ளிக்கு வெளியே உள்ள விஷயங்களை முதலில் நினைப்பவர் இன்றும் பெரும்பாலும் மனைவிதான்.

இன்று செய்தால்

முதல் அமர்வில் அந்த வினாத்தாளைக் கொடுக்க மாட்டேன். இரண்டு வாரக் குறிப்பேடு முதலில், அதிலும் 'யார் நினைத்தது' என்ற பத்தி கட்டாயம். 'வீடும் அலுவலகமும் இல்லாமல் கடைசியாக எப்போது சில நாள் இருந்தீர்கள், அப்போது எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?' என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்பேன். பயிற்சி வராமல் போயிருந்தால் மனைவியை இரவு ஆள் என்றே நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பேன்.

காலியாக விட்ட அந்த இடத்தைப் பற்றியும் கேட்டிருப்பேன். ஐந்தாம் மாதம் அதைக் கேட்டேன். "எழுத ஆரம்பிச்சா எவ்வளவு இடம் வேணும்னு பாத்தேன், பத்தாதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

இன்னொன்றை நான் தொடவே இல்லை. இரவில் மகன் அழுதால் எழுவது யார் என்ற கேள்வி எந்த அமர்விலும் வரவில்லை. குறிப்பேட்டில் அது வாரத்துக்கு மூன்று நான்கு முறை இருந்தது, ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான் என்பதால் கண்ணில் படவில்லை. மனைவி விழித்திருந்த காலத்தில் அது இயல்பாக அவரிடம் போனது. இப்போது அவர் பதினொன்றரைக்குத் தூங்கிவிடுகிறார், ஒரு மணிக்கு மகன் அழுகிறான், இன்னமும் எழுவது அவர்தான்.